முடி வளர்த்த மோட்டார் கார்

மணவூர் அரிசி வியாபாரி ராஜவேலுவின் மோட்டார் காருக்கு அந்த மாதம் நான்காவது தடவையாக மொட்டை அடித்த அன்று திருத்தணி சரவணப் பொய்கைக் கரையில் இருந்தவர்கள் நால்வர். நாவிதர் சுப்பன் காரின் கூரைமேல் சம்மணமிட்டிருந்தார். ராஜவேலு கார்ப் படியில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கல்லின்மேல் குடை பிடித்தபடி மிஷன் பிரசவ விடுதி நர்ஸ் யூனிஸ். பக்கத்தில் அவள் கணவர் ஏசுவடியான், மடியில் காகிதக் கட்டோடு. 1946ஆம் வருஷம், ஆவணி மாதம், வியாழக்கிழமை.

விடுதிக்குக் கார் வாங்கும் பொறுப்பு யூனிஸுடையது. பங்குனியில் ஆர்.கே.பேட்டையிலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பிய கர்ப்பிணி ஒருத்தி பாதி வழியில் யூனிஸின் கையிலேயே உயிரை விட்டாள். அன்றிலிருந்து யூனிஸுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சென்னைக் கம்பெனி புதுக் கார் தரத் தயார்தான். ஆனால் யுத்த நெருக்கடி தீராததால் முறை வரப் பதினான்கு மாதம் ஆகும். வேண்டுமா வேண்டாமா என்பதைச் சனிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்கவேண்டும். ராஜவேலுவின் பழைய கார் அன்றைக்கே கிடைக்கும். எஞ்சின் சுத்தம், டயர்கூடப் பரவாயில்லை. கூரையில் மட்டும் முடி வளர்ந்தது, வாரத்துக்கு நான்கு விரற்கடை. தீராத வேண்டுதல் என்று ஊரார் சொன்னதால் அவரும் திருத்தணிக்கு ஓட்டிவந்து மழித்துக்கொண்டே இருந்தார்.

"சுழி ரெண்டு இருக்குது நைனா, உன் வண்டி ரெண்டு பொண்டாட்டி கட்டும்" என்றார் சுப்பன்.

பதினான்கு மாதத்தில் எத்தனை மாட்டுவண்டி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்த யூனிஸ், எப்போதிலிருந்து இப்படி வளர்கிறது என்று கேட்டாள். மூன்று வருஷமாக என்றார் ராஜவேலு. மனைவி வசந்தியைப் பிரசவத்துக்குச் சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, பட்டாளத்து ரயில்கள் வரிசையாகப் போனதில் வழியில் ரயில்வே கேட் இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. பிள்ளை பிறக்காமலே பின்சீட்டில் அவள் கதை முடிந்தது. குளத்தைப் பார்த்தபடியே இவ்வளவும் சொன்னார்.

யூனிஸ் குடையை மடக்கினாள். "கத்திய மடிச்சி வைங்க சுப்பண்ணா. வூட்ல புள்ளத்தாச்சி இருந்தா ஆம்பள முடி வெட்டிக்குவானா? இந்த வண்டி அந்தப் பொறப்புக்கு இன்னும் காத்துகினு இருக்குது."

பாதி மொட்டையோடு கார் விடுதிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை பொதட்டூர்பேட்டையில் நெசவாளி மனைவி அம்சாவுக்கு வலி கண்டது. ராஜவேலுவே ஓட்டினார். பின்சீட்டில், ஓடும் காரிலேயே, பெண் குழந்தை பிறந்தது. அது வீறிட்ட மாத்திரத்தில் கூரை முடி அத்தனையும் உதிர்ந்து சாலையில் பறந்தது. ராஜவேலு இறங்கி, வழவழவென்றிருந்த கூரையைத் தடவிப் பார்த்து, நின்ற இடத்திலேயே அழுதார். மறுநாள் காலை, விடுதிக்குக் காட்ட வந்த பூவம்மாளுக்கு எட்டாம் மாதம் என்று யூனிஸ் நோட்டில் குறித்தாள். மத்தியானத்துக்குள் கூரையில் பொடிமுடி அரும்பிவிட்டது. யாரும் சுப்பனைக் கூப்பிடவில்லை.

கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் புதுக் கார் வேண்டாமென்பதற்குக் காரணம் என்ன போடுவது என்று ஏசுவடியான் பேனாவும் கையுமாகக் கேட்டார்.

"பழைய வண்டி கெடைச்சிட்டுது, அதுக்குக் காத்திருந்து பழக்கம்னு போடுங்க."

அவர் அதை இலக்கணமாகத் திருத்தி எழுதி, மை ஒற்றி, உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மூன்று மணித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.