ஜன்னல் வழியாகப் போட்ட பை

ஜூன் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து தொழிற்பேட்டைக்குக் கிளம்பிய எஸ்டேட் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அகல்யா வேலைக்குப் போனாள். அதே நேரத்தில், அந்த பஸ்ஸில் ஏற முடியாமல் கீழேயும் நின்றாள். அன்றைக்கு வெயில் நூற்று மூன்று டிகிரி, தக்காளி கிலோ முப்பது ரூபாய்.

பூந்தமல்லியில் பஸ் நிற்பதற்குள் சீட் பிடித்துவிட வேண்டும். கைக்குட்டை, துண்டு, குழந்தையின் வாட்டர் பாட்டில், எது கையில் இருக்கிறதோ அதை ஜன்னல் வழியாக சீட்டில் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்கு. போட்ட பொருளை நகர்த்திவிட்டு உட்காருகிறவனை அந்த பஸ் ஸ்டாண்ட் கொலைகாரனைவிடக் கேவலமாகப் பார்க்கும். எங்கும் எழுதி வைக்காத சட்டம்; எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிற சட்டம். அன்றைக்கு அகல்யாவிடம் கைக்குட்டை இல்லை. ஆபீஸ் பையையே தூக்கிப் போட்டாள். உள்ளே டிபன் பாக்ஸ், குடை, அவள் பெயரும் போட்டோவும் உள்ள அடையாள அட்டை. படிக்கட்டில் நாலு முழங்கைகள் அவளை வெளியே தள்ளின. கண்டக்டர் செல்வகுமார் விசில் கொடுத்தார்.

அகல்யா குத்தம்பாக்கத்துப் பெண். வீட்டிலேயே முதலில் டிகிரி வாங்கியவள். அதற்கு தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ்கூட இருக்கிறது. அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய பேருந்து முனையம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, பெங்களூருக்குப் போகிறவர்களுக்காக. மண்ணூர்பேட்டையில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் கம்பெனிக்குப் போக அவள் ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வந்து அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கம்பெனிக்கு வேன் உண்டு. ஆனால் அது டோல்கேட் வரைக்கும்தான் வரும். டோலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் வந்து சேர வேண்டும் என்று ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் மூன்று முறை தாமதமாக வந்தால் வேலை போய்விடும் என்றும் போட்டிருந்தார்கள். அகல்யா ஏற்கெனவே இரண்டு முறை தாமதம்.

அதனால் ஓடினாள். ஷவுகத் அலியின் ஷேர் ஆட்டோ அவள் பக்கத்தில் வந்து நின்றது. "இன்னா தங்கச்சி, பஸ்சு பூட்ச்சா? குந்து, பைபாஸ்ல புடிச்சிரலாம்" என்றார். பை உள்ளே போய்விட்டது என்று அவள் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "கர்ச்சீப்பு போடுவாங்க, துண்டு போடுவாங்க. பேரு எழுதுன ஐட்டத்த எவனாச்சும் போடுவானா? இன்னா படிச்சியோ போ!" டோல்கேட்டில் கார்கள் வரிசையாக நிற்க, பஸ்ஸும் நின்றது. ஓரத்து வழியாக ஆட்டோ அதன் பக்கவாட்டில் போய் நின்றபோது அகல்யா ஜன்னலைப் பார்த்தாள். பை ஒரு மடியில் இருந்தது. மடியில் அவளுடைய மெரூன் சுடிதார், சுடிதாருக்கு மேலே அவளுடைய முகம். அது நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் கூட வேலை பார்க்கும் ரூஹி. "ரூஹி!" என்று அகல்யா கத்தினாள். ரூஹி கீழே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினாள். தடுப்புக்கட்டை மேலே எழுந்தது. பஸ் போய்விட்டது.

ஆபீஸ் வாசலுக்கு அவள் வந்தபோது ஒன்பது இருபது. வாட்ச்மேன் ஹேமநாதன் குழம்பிப்போனார். "எட்டு அம்பத்திரண்டுக்கே விரல் வெச்சிட்டு உள்ள போய்ட்டீங்களே மேடம், எப்ப வெளிய வந்தீங்க?" கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள். அவளுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுடிதார் கசங்கவில்லை, தலைமுடி கலையவில்லை, முதுகு நிமிர்ந்திருந்தது. உட்கார்ந்து வந்தவளின் முதுகு அது. அகல்யாவுக்குப் பயம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கணக்கும் வந்தது: மூன்றாவது தாமதம் விழவில்லை. டீ குடிக்க வந்ததாக ஹேமநாதனிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் ஏழு பத்துக்கு அந்த பஸ் பூந்தமல்லிக்குத் திரும்பி வந்தது. எல்லாரும் இறங்கிய பிறகு ஜன்னல் சீட்டில் பை மட்டும் இருந்தது. டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அகல்யா ஆபீசில் ஒரு நாளும் டிபன் பாக்ஸ் கழுவியதில்லை.

மறுநாள் அவள் பையை வேண்டுமென்றே போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், கம்பியில் தொங்கிக்கொண்டு, பின்னால் நிற்கிறவனைக் கொண்டை ஊசியால் குத்திக்கொண்டு, "ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேற கேக்குதா" என்கிற பெரியமனிதர்களுக்கு "எங்கம்மா வாங்குற டீத்தூளுக்கும் வரி கட்டறோம், மூடிக்கினு வாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டு போகிறவளுக்குத்தான் அது தெரியும். அவள் பூந்தமல்லி நூலகத்துக்குப் போய் மேசையில் தலை வைத்துத் தூங்கினாள். நாலு வருட காலேஜ் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள். சம்பளம் ஒன்றாம் தேதி அவள் அக்கவுண்டுக்கு வந்தது. ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரூஹி மட்டும் போனில் ஒருதடவை, "அது ஒங்கூட பேசுமாடி?" என்று கேட்டாள். ஏன் என்றதற்கு, "எங்கூட பேசல. ஆனா வேலைய ஒன்னைவிட ஒழுங்கா பண்ணுது" என்றாள்.

ஜூலை நடுவில் அகல்யாவுக்கு அந்த வார்த்தை உறுத்தியது. ஒரு வியாழக்கிழமை பையை ஜன்னலில் போடாமல் தோளில் மாட்டிக்கொண்டு முண்டியடித்து ஏறினாள், நின்றாள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரோ பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது அந்த பஸ்ஸில் மரியாதை. பழக்கத்தில் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அவளுடைய வாட்ச் கட்டியிருந்தது. செல்வகுமாரிடம் டிக்கெட் கேட்டபோது, "ஒனக்குத்தான் அங்க குடுத்தனே, எத்தினி வாட்டி கேப்ப?" என்று மெஷினை மூடிக்கொண்டார். ஆபீஸ் வாசலில் விரலை வைத்தாள். மெஷின் சிவப்பு காட்டியது. பத்து விரலையும் வைத்தாள், பத்துக்கும் சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. பஸ் கம்பியைப் போல் வழவழவென்று இருந்தன. "மேடம் உள்ள கீறாங்க. நீ அவங்க தங்கச்சியா?" என்றார் ஹேமநாதன்.

அன்றைக்கு வீட்டில் அம்மா சரசாவிடம் கையைக் காட்டினாள். ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து அவளைப் படிக்க வைத்தவள் சரசா. மகளின் விரலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் விரல்களைப் பக்கத்தில் வைத்தாள். அவையும் வழவழ. "எனக்குந்தான் ரேஷன் கடைல வுழ மாட்டேங்குது. எண்ணெ தேச்சிக்கினு போ, சில நாளு வுழும்" என்றாள். இதே கை தனக்கு வரக்கூடாது என்றுதான் அகல்யா டிகிரி படித்திருந்தாள்.

மறுநாளிலிருந்து பழையபடி பையை ஜன்னல் வழியாகப் போட்டாள். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி வேலை நிரந்தரமானது. லெட்டரை ஆபீசில் கைத்தட்டலோடு கொடுத்ததாக ரூஹி போனில் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் பை வரவில்லை. எல்லாச் சீட்டையும் குனிந்து பார்த்துவிட்டு அகல்யா வீட்டுக்குப் போனபோது, வாசலில் அவளுடைய செருப்பு கழற்றிக் கிடந்தது. அவள் காலிலும் கிடந்தது. உள்ளே அது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. லெட்டர் சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்துக் கிடந்தது. சரசா குழம்புக் கரண்டியோடு திரும்பி, வாசலில் நின்றவளையும் தட்டின் முன்னால் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் இருந்த சோற்றை இரண்டாகப் பிரித்தாள். இரண்டு பேருக்கும் வயிறு நிறையவில்லை. பாயும் ஒன்றுதான். அது நடுவில் நிமிர்ந்து படுத்துக்கொண்டது. அகல்யா தரையில் படுத்தாள். மூச்சு விடுகிற சத்தம் அந்த வீட்டில் இரண்டு பேருடையதாகத்தான் கேட்டது. மூன்று பேரில் யாருடையது கேட்கவில்லை என்று அகல்யா விடிகிறவரை எண்ணிப் பார்த்தாள். தெரியவில்லை.

காலையில் அது பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. அகல்யா பத்தடி பின்னால் போனாள். ஏழு நாற்பது பஸ் திரும்பி உள்ளே வந்தது. அது ஓடிப்போய்ப் பையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தது, உட்கார்ந்தே போய் வந்த கால்களோடு. அகல்யாவின் கால்கள் இரண்டு மாதம் ஓய்வெடுத்தவை. அதற்கு முன் மூன்றரை மாதம் அதே படிக்கட்டில் அடிபட்டுக் கற்றவை. முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வைத்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்து மடியில் வைத்து உட்கார்ந்தாள். ரெக்சின் சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல.

பின்சீட்டு ஆள் ஒருவர் சட்டம் பேசினார். "எம்மா, இது அந்தப் பொண்ணு போட்ட பை. நாங்க பாத்தோம்ல?" அகல்யா அடையாள அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "யார் போட்டா இன்னாண்ணே? பேரு யாருதுன்னு படி. போட்டோ யாருதுன்னு பாரு." அவர் பார்த்தார். போட்டோவில் இருந்ததும் எதிரில் இருந்ததும் ஒரே முகம். பஸ் கிளம்பியது. கீழே அது கூடவே ஓடி வந்தது. வேர்த்திருந்தது, முடி கலைந்திருந்தது, சுடிதார் கசங்கியிருந்தது, ஒரு செருப்பு அறுந்திருந்தது. ஜன்னலில் கை வைத்து முதல் தடவையாக வாயைத் திறந்தது. "அகல்யா" என்று கூப்பிட்டது. ரூஹி அவள் கையைப் பிடித்தாள். "நிறுத்தச் சொல்லட்டாடி?"

அகல்யா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம். பின்னாடி அடுத்த பஸ்சு வரும்" என்றாள்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு விரலை வைத்தாள். பச்சை காட்டியது. டிபன் பாக்ஸைச் சாப்பிட்டதும் கழுவித் துடைத்து வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்குத் தாமதம் என்று ஒரு நாள்கூட விழவில்லை. பூந்தமல்லி நூலகத்தில் மெரூன் சுடிதார் போட்ட ஒரு பெண் தினமும் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள், மூடும்போதுதான் எழுப்புகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இப்போது யாரும் பெயர் எழுதின பொருளை சீட்டுக்குப் போடுவதில்லை. எஸ்டேட் போகிறவர்கள் செய்தித்தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். சரசா அரிசியில் ஒரு ஆழாக்கு கூட்டிப் போட்டாள், இன்னொரு பாய் வாங்கினாள். முதலில் வருகிறவளுக்குச் சோறு போட்டுவிட்டு வாசலில் லைட்டை அணைக்காமல் வைப்பாள். ஒரு மணி நேரம் கழித்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவள் வரும்போது, "இன்னாமே, இன்னிக்கும் பஸ்சு கெடைக்கலியா?" என்று மட்டும் கேட்பாள்.