பொய் சொல்லும் நெத்திலிக்கு எத்தனை நட்சத்திரம்?

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியில் பிறந்தது. நண்பர் மகளுக்கு ரோபோ பொம்மை வாங்கலாம் என்று தி. நகர் போனவன், கடை வாசலிலேயே நின்று கைபேசியில் விமர்சனம் தேடினேன். யாரோ எழுதியிருந்தார்: 'ரோபோவுக்கு இரண்டு நட்சத்திரம். அது வந்த அட்டைப்பெட்டிக்கு நான்கு. பிள்ளைகள் கடைசிவரை பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.' எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி எழுதுகிற ஆள் யார், அந்தப் பிள்ளைகள் யார்? எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். (நண்பர் மகளுக்குக் காலிப் பெட்டிதான் போயிற்று. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நண்பர்தான் இன்னும் பேசவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'ஆழ்வார்பேட்டையின் மாடிகளில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த—'

வேண்டாம். வெயில் எல்லா ஊரிலும்தான் சாய்கிறது.

இரண்டாவது: 'ஹம்சினிக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அவள்—'

சே! அந்த 'ஆகவே'யை எழுதிய என் கையைத்தான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பொம்மை என்றால் உயிர். அதற்கு ஒரு காரணம் வேண்டுமா?

மூன்றாவது: ஹம்சினி கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டியைப் பிரித்தாள்.

ஆ! இதுதான். இனி நிறுத்தமாட்டேன்.

3

பேசும் பொம்மை, விளையாட்டுச் செயலி, பாடம் நடத்தும் டேப்லெட் என்று பிள்ளைகளுக்காக எது சந்தைக்கு வந்தாலும் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசி எழுதுவது ஹம்சினியின் வேலை. 'பிரித்துப் பார்' என்ற அவளுடைய இணையதளத்தில் விளம்பரம் கிடையாது. கம்பெனிக்காரர்கள் இலவசமாக அனுப்பும் பொம்மை வாசலோடு திரும்பிவிடும். எல்லோரையும் போல அவளும் கடையில்தான் வாங்குவாள். அதனால் பெற்றோர் அவளை நம்பினார்கள். அவள் இரண்டு நட்சத்திரம் போட்ட பொம்மையை அப்புறம் ஒருவரும் சீண்டமாட்டார்கள்.

ஆனால் நட்சத்திரத்தை முடிவு செய்வது அவள் அல்ல, சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு வரும் இரண்டு பேர். மயிலாப்பூரிலிருந்து அக்கா மகள் மஹதி. அவளோடு படிக்கும் பட்டினப்பாக்கத்துப் பாரத். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகு உண்டு. இருவருக்கும் எட்டு வயது. அவர்கள் விளையாடும்போது பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது, பொம்மையைத் தொடக் கூடாது. பார்த்து எழுதவேண்டியதுதான்.

அன்று பெட்டியிலிருந்து வந்தது கையளவு பேசும் ரப்பர் மீன். பெயர் நெத்திலி. வழிமுறைத் தாள் எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கம் மட்டும் ஒரு வரி: 'ஒளிச்சு வை, தேடு. இப்படிக்கு டயானா, கொட்டிவாக்கம்.' டயானா தனியாளாகச் செய்த முதல் பொம்மை. பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது, பொம்மை விற்கும் காலம். இன்று மாலை விமர்சனம் வரும் என்று ஹம்சினி அறிவித்தும் விட்டாள்.

பாரத் மீனை சோஃபாவுக்கு அடியில் வைத்தான். மஹதி தேட வந்ததும் மீன் குரல் கொடுத்தது.

"இன்னா நைனா! நா ஃப்ரிட்ஜு மேல கீறேன், வா வா!"

மஹதி ஃப்ரிட்ஜ் மேல் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சித்தி, லொகேஷன் தப்பா சொல்றது."

"சென்சார் அவுட்டு," என்றான் பாரத். "நெத்திலி இம்மாம் பெருசும் இருக்காது. டிசைனே ராங்கு."

மறுபடி வைத்துப் பார்த்தார்கள். தலையணைக்கு அடியில் இருந்துகொண்டு பீரோ என்றது. பீரோவில் வைத்தால் வாஷிங் மெஷின் என்றது.

"பேட்டரி மூடி ஸ்ட்ராங்கா இருக்கு, அதை எழுதிக்கோ," என்றாள் மஹதி. "ரெண்டு ஸ்டார்."

"ரெண்டே ஜாஸ்தி."

ஹம்சினி மடிக்கணினியில் தட்டினாள்: 'இருக்குமிடத்தைச் சொல்வதில் தொடர்ந்து பிழை.'

4

இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எட்டு வயதில் 'சென்சார் அவுட்டு' என்று பேசுமா? இதுகள் பிள்ளைகளா, வாகனத் தணிக்கை அதிகாரிகளா? நீங்கள் கேட்பதற்குள் நானே அந்த வரிகளை அழித்துவிட்டு, 'மஹதி கலகலவென்று சிரித்து—' என்று எழுதிப் பார்த்தேன். சிரிக்கமாட்டேன் என்றாள். பாரத்தைக் குதிக்கவைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. குற்றம் என் எழுத்தில் இல்லை. சனிக்கிழமை தவறாமல் சோதித்துச் சோதித்து இரண்டும் இப்படி ஆகியிருக்கின்றன! எனக்கு உட்காரவே முடியவில்லை. அழித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது தேவை வேறொரு பிள்ளை.

5

அழைப்பு மணி அடித்தது. (பழைய தந்திரம்தான். மன்னியுங்கள், அவசரம்.)

வாசலில் தபஸ்ஸும் நின்றாள். கீழ்வீட்டு இனாயத்தின் மகள், ஆறு வயது, தயிர்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். அந்த நேரம் பார்த்து, மறுபடி சோஃபா அடிக்குப் போயிருந்த மீன் கத்தியது.

"நா ஃபேனு மேல கீறேன்!"

தபஸ்ஸும் மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணை இடுக்கினாள். பிறகு, "பொய்!" என்று கூவினாள். "ஐயோ, பொய் சொல்லுது!"

பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்து மீனை இழுத்தாள். அதன் வாயருகே குனிந்து, "நான் இங்க இல்லியே. ஸ்கூலுக்குப் போய்ட்டேனே," என்றாள்.

"அப்போ பேசறது யாரு?" என்றது மீன்.

"எங்க மிஸ்ஸு!"

சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. ஹம்சினியின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன.

"வேணும்னே பொய் சொல்றதா?" என்றாள் மஹதி மெதுவாக.

"அதான் ஆட்டமே!" பாரத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏமாத்திக்கினு கீது மச்சி, நாமதான் கேனை மாதிரி ஃப்ரிட்ஜப் பாத்துக்கினு இருந்தோம்! ஏ, எனக்குக் குடு!"

அதன் பிறகு வீடு ரெண்டுபட்டது. மீன் அரிசி டப்பாவுக்குள் போயிற்று, ஹம்சினியின் கைப்பைக்குள் போயிற்று. மஹதி கூச்சல் போட்டாள். இந்த வீட்டில் அவள் கூச்சல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஹம்சினி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

6

ஹம்சினிக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. விளையாட்டைப் பிழை என்று எழுதிவிட்டாள். பிள்ளைகளின் தீர்ப்பு என்று இத்தனை நாள் அவள் வெளியிட்டதெல்லாம் அவளுடைய தீர்ப்புத்தானா, இரண்டு சின்னக் குரல்களில்? இதைச் சொன்னால் நாளைக்கு யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் டயானாவின் மீன் கரையேறாது.

7

முடிவுகள் என்னிடம் உண்டு.

(அ) இரண்டு நட்சத்திரத்தோடு வெளியிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் விரல் பொத்தான் பக்கம் போகவே மறுக்கிறது.

(ஆ) ஐந்து நட்சத்திரம். போடலாம். ஆனால் தபஸ்ஸும் தயிர்ப் பாத்திரத்தோடு வந்தவள், சோதிக்க வந்தவள் இல்லை. பெற்றோரைக் கேட்காமல் ஒரு பிள்ளையின் விளையாட்டை எழுதுவதில்லை என்பது ஹம்சினியின் சட்டம்.

(இ) எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'நெத்திலிக்கு இன்று நட்சத்திரம் இல்லை. பிழை மீனிடம் இல்லை, என்னிடம். என் சோதனையாளர்கள் விளையாட மறந்துவிட்டார்கள். மறக்கவைத்தவள் நான். பழைய விமர்சனங்களையும் புதுப் பிள்ளைகளோடு மறுபடி பார்க்கப்போகிறேன். மஹதியும் பாரத்தும் இன்றோடு பணி ஓய்வு பெறுகிறார்கள்.'

இருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். பாரத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"வேலைய வுட்டுத் தூக்கிட்டீங்களா ஆன்ட்டி?"

"ரிட்டையர்மென்ட்டுடா."

"அப்போ சனிக்கிழமை வந்துண்டு நாங்க என்ன பண்றது?" என்றாள் மஹதி.

"விளையாடுங்கோ."

"எதை டெஸ்ட் பண்றதுக்கு?"

"எதையும் இல்லை. சும்மா."

"சும்மான்னா... எப்படி சித்தி?"

தபஸ்ஸும் வந்து ஹம்சினியின் கையில் மீனைத் திணித்தாள். "ஆன்ட்டி, நீங்க ஒளிச்சு வைங்க. நாங்க கண்ண மூடிக்கிறோம்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பெரியவர் தொடக் கூடாது என்ற சட்டத்தை எழுதியவள் மீனை வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீடு முழுக்க ஓடினாள்.

மடிக்கணினி திறந்தே கிடக்கிறது. 'வெளியிடு' என்ற பொத்தான் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நாளைக்கு அவளை நம்புவீர்களா மாட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அழுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்காதீர்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் நிற்கிறேன். இதோ, எங்கிருந்தோ நெத்திலி கூப்பிடுகிறது:

"இன்னா நைனா! நா இந்தக் கதையிலயே இல்ல!"