உபயம்: தங்கராஜ் குடும்பத்தார்

டெம்போவிலிருந்து இரண்டு பெட்டி இறங்கியது. அவர்கள் கேட்டிருந்தது ஒன்று.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள். பூனா கடகியின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காலையிலிருந்தே மழை நசநசத்துக்கொண்டிருந்தது. டெம்போக்காரன் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் வாசற்படியில் வைத்துவிட்டு ரசீதை நீட்டினான். ரசீதில் ஒரு கிரைண்டர் என்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு பெட்டியிலும் ஒரே சீட்டு, ஒரே பெயர், ஒரே விலாசம்.

"தோ ஹை," என்றான் அவன், இரண்டு என்று விரல் காட்டி.

தங்கராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பின்னால் நின்ற மனைவி பவுன் அவர் சட்டையின் முதுகைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவர் வாய் மூடிக்கொண்டது. கையெழுத்து விழுந்தது. டெம்போ போய்விட்டது.

கதவோரம் நின்ற மகள் வைஷாலி அந்த இழுப்பைப் பார்த்தாள். சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல் இருந்தது அவளுக்கு. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம்தான். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

பவுன் அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு அரைத்து விற்பவள். பழைய கிரைண்டரில் பெல்ட் வழுக்கி, ஓட விட்டால் கருகல் நாற்றம் அடித்தது. ஆடித் தள்ளுபடியில் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் கிரைண்டர் மலிவு என்று யாரோ சொல்ல, வைஷாலிதான் போனில் பேசி வரவழைத்தாள். அந்த வீட்டில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. தங்கராஜ் கடகியிலேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவர். பவுன் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. வைஷாலி தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

"ஒண்ணு கூட வந்துருக்கும்மா. அவங்களுக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

"கத்தாதடி. ஜன்னல் தொறந்துருக்குது." பவுன் பெட்டியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். "நம்ம இன்னா கேட்டமா? ஆத்தாவாப் பாத்து அனுப்பிருக்கா."

"கம்பெனிக்காரன் அனுப்பிருக்கான்."

"யாரு கையால அனுப்புனா இன்னா?"

தங்கராஜ் தாடையைச் சொறிந்தார். "நான் இன்னா திருடுனனா? வீடு தேடி வந்துச்சு."

அன்று சாயங்காலத்துக்குள் பவுன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு பெட்டி வீட்டுக்கு. இன்னொன்று மாரியம்மன் கோயிலுக்கு. வருகிற ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள். வடைக்கு உளுந்து அரைக்கக் கோயில் மடப்பள்ளியில் நல்ல கிரைண்டர் இல்லை. போன ஆடிக்கு அதே குவார்ட்டர்ஸ் அச்சுதன் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது, மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, சால்வை போட்டு அனுப்பினார்கள். அந்தச் சால்வை தங்கராஜின் கண்ணை வருஷம் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

"அச்சுதன் குடுத்த ஃபேன் அப்பவே கடகடன்னு ஓடுச்சு. நம்மளது கிரைண்டரு," என்று சொல்லிக்கொண்டே அவர் குழம்பை விரலால் வழித்து நக்கினார். அந்தச் சத்தம் வைஷாலியின் காதுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கென்று வைத்த பெட்டியைப் பவுன் பிரிக்கவில்லை. ஆடியில் புதுசு எதையும் தொடங்கக் கூடாதாம். ஆவணி முதல் நாள் பூஜை போட்டுத்தான் பிரிப்பாளாம். அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டாள். அடுத்தவர் பொருளை அமுக்க மட்டும் ஆடி குறுக்கே வரவில்லை என்று வைஷாலி நினைத்தாள். அவள் நினைப்பதில் முக்கால்வாசி வாய்க்கு வருவதில்லை.

மறுநாள் கோயில் கிரைண்டரின் எவர்சில்வர் டிரம்மைத் துணியில் சுற்றிக்கொண்டு கடகி பஜாரில் இஸ்மாயிலின் பாத்திரக் கடைக்குப் போனார்கள், பெயர் வெட்ட. இஸ்மாயிலுக்குத் தமிழ் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து மிஷினால் வரைவார். எழுதிக் கொடுக்க வேண்டியது வைஷாலி.

"நல்லா பெருசா எழுதுடி. தூரத்துலேருந்து தெரியணும்."

அவள் எழுதினாள். 'உபயம்: தங்கராஜ் - பவுன் குடும்பத்தார், கடகி.' குடும்பத்தார் என்று எழுதும்போது அதில் தானும் இருப்பது உறைத்தது. பேனா ஒரு கணம் நின்றது. பவுன் இடுப்பில் இடித்தாள்.

இஸ்மாயில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வெட்டினார். உலோகத்தின் மேல் மிஷின் கிறீச்சிட்டது. வைஷாலியின் பற்கள் கூசின.

"க்யா லிகா ஹை, பேட்டி?"

என்ன எழுதியிருக்கிறாய் என்று வைஷாலியைத்தான் கேட்டார். பவுன்தான் சொன்னாள், "மந்திர் கே லியே, பாய். தான் தேத்தே ஹைன்."

கோயிலுக்குத் தானம் என்று கேட்டதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. கூலி வேண்டாமென்று கையசைத்தார். பவுன் இரண்டாம் முறை சொல்லக்கூட விடவில்லை, பர்ஸை மூடிவிட்டாள். டிரம்மின் மேலிருந்த உலோகத் தூளை அவர் தன் சட்டைக் கையாலேயே துடைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"ஏனுங்க, பூனாவுங்களா? கோயமுத்தூர்ல கிரைண்டர் பட்டறையில இருந்து செல்வமேரி பேசறனுங்க. பேக்கிங்ல இருக்கறனுங்க."

வைஷாலி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அடுப்படியிலிருந்து பவுன் ஓடிவந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"கண்ணு, ஆடிக் கூட்டத்துல நான் ஒரே சீட்டை ரெண்டு பெட்டிக்கு ஒட்டிப்போட்டனாட்ட இருக்குது. இருப்புல ஒண்ணு குறையுது. உங்களுக்கு ரெண்டு வந்துச்சுங்களா?"

பவுன் ஒற்றை விரலைத் தூக்கி வைஷாலியின் மூக்குக்கு நேரே ஆட்டினாள். விரலில் அரிசி மாவு காய்ந்திருந்தது.

"திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள அது எங்க போச்சுன்னு காட்டாட்டி வேலைக்கு வர வேண்டாம்னு முதலாளி சொல்லிப்போட்டாருங்க," என்றது அந்தக் குரல். "வந்திருந்தா, எந்தப் பெட்டின்னாலும் சரி, பிரிக்காத பெட்டியா ஒண்ணைத் திருப்பிப் போட்டு, ரசீதை போட்டோ புடிச்சு அனுப்புனாப் போதும். லாரி வாடகை நாங்க இங்க கட்டிக்கறமுங்க."

விரல் இன்னும் ஆடியது.

"ஒண்ணுதான்க்கா வந்துச்சு," என்றாள் வைஷாலி.

"ஒண்ணுதானுங்களா. சரி கண்ணு, நீங்க சொன்னாச் சரி. வேற ஊருக்குப் போனதுல பாக்கறேன். தொந்தரவு குடுத்துட்டனுங்க."

போன் அணைந்ததும் பவுன் இரண்டு கையாலும் மகளின் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடக்கு முறித்தாள். "என் கண்ணே பட்டுரும். வாயே தொறக்காத பொண்ணு இன்னா அழகாப் பேசுது பாரு!"

வைஷாலி குளியலறைக்குப் போய் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். கன்னத்திலிருந்து மாவு போய்விட்டது. வாய்க்குள் இருப்பதை என்ன போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

"அந்தக்காவுக்கு வேலை போயிடும்மா," என்றாள் வெளியே வந்து.

"போவாது. இப்படித்தான் பயங்காட்டுவாங்க. அதுவுமில்லாம பேரு வெட்டியாச்சு. பேரு வெட்டுனத எந்த மூஞ்ச வெச்சிக்கினு திருப்பி அனுப்புறது?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். தாபோடி, ஆகுர்டி, தேஹு ரோடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜம்புநாதன்தான் கோயில் செயலாளர். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார்.

"நமது அம்மன் ஆலயத்துக்குத் தன் உழைப்பில் ஒரு பங்கை ஒதுக்கிப் புத்தம் புதுக் கிரைண்டர் வழங்கிய தங்கராஜ் அவர்கள் குடும்பத்தாரை மேடைக்கு அழைக்கிறேன்!"

தங்கராஜ் எழுந்தார். உழைப்பு என்ற வார்த்தைக்கு அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார். பவுன் கண்ணில் நீர் வந்து முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். அது நிஜமான கண்ணீர். நடித்திருந்தால்கூட வைஷாலி தாங்கியிருப்பாள்.

மடப்பள்ளி வாசலில் கிரைண்டரை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். டிரம்மில் அவளுடைய கையெழுத்து அப்படியே இருந்தது. அவள் போடும் வளைந்த 'ய'கூட மாறவில்லை.

"எழுத்து முத்து முத்தா இருக்குது. யாரு எழுதுனது?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"எம் பொண்ணுதான்," என்றாள் பவுன்.

வைஷாலியின் இலைத் தொன்னையில் கூழும், மேலே ஒரு வடையும் வைத்தார்கள். அவள் வடையைக் கடித்தாள். உள்ளே வழவழவென்று இருந்தது. விழுங்க முடியவில்லை. மதில் பக்கம் போய்த் துப்பினாள். அங்கேயே நின்று போனைப் பார்த்தாள். செல்வமேரியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. மேளச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"கண்ணு, மறுபடியும் தொந்தரவு பண்றன்னு நெனைக்காதீங்க. பதினோரு ஊருக்கும் போன் போட்டுட்டனுங்க. எல்லாரும் இல்லேங்கறாங்க. ஒருத்தரு என்னையே திருடின்னு திட்டிப்போட்டாரு. நீங்க ஒருத்தருதான் அக்கான்னு கூப்பிட்டுப் பேசுனீங்க. ஒருவேளை வீட்டுல வேற யாராச்சும் வாங்கி வெச்சிருக்காங்களான்னு, கட்டிலுக்கடியில எங்கியாச்சும், ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தானுங்க."

மேடையில் அப்பா சால்வையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

திங்கள் காலை. தங்கராஜ் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பவுன் கோயில் அண்டாக்களைத் தேய்க்கப் போயிருந்தாள். பெயர் வெட்டிய டிரம்மையும் எல்லார் முன்னாலும் ஒருதரம் துடைத்து வைத்துவிட்டு வரும் எண்ணம்.

வைஷாலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டபோது அது பெட்டியில் இடித்தது. போர்வையை விலக்கினாள். ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. பிரிக்காத பெட்டி.

எந்தப் பெட்டின்னாலும் சரி.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இது அம்மா காசு கொடுத்து வாங்கியது. மாவு விற்றுச் சேர்த்த காசு. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் கோயிலில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கட்டிலுக்கடியில் இருப்பதை முடியும்.

அதற்கு மேல் யோசித்தால் பயம் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை. பெட்டியை வாசல் வரை இழுத்தாள். ரிக்ஷாக்காரன் ஒரு கை கொடுத்தான். தாபோடி பார்சல் ஆபீஸ் கவுண்ட்டரில் முன்னால் நான்கு பேர். தன் முறை வந்ததும் பெட்டியைக் கவுண்ட்டருக்கு நேரே தள்ளினாள்.

"காய் ஆஹே?" என்றான் குமாஸ்தா நிமிராமல்.

"கிரைண்டர்."

"பாட்டவ்ணார்யாச்சே நாவ்?"

அனுப்புகிறவர் பெயர். அப்பா பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "வைஷாலி," என்றாள். "நுஸ்த வைஷாலி." வெறும் வைஷாலிதான்.

ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். கொட்டகைத் தகரத்தில் மழை அறைந்தது.

"அக்கா, ரெண்டு பெட்டி வந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் நின்றது.

"கிடைச்சுதே, அது போதும்," என்றாள் செல்வமேரி. கண்ணு என்ற வார்த்தை இப்போது இல்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா, நாலு நாளா ஊரெல்லாம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன். சரி, வெய்யுங்க. முதலாளிகிட்ட ரசீதைக் காட்டோணும்."

மன்னிப்புக் கேட்க இடமே கிடைக்கவில்லை.

பவுன் பதினொரு மணிக்கு வந்தாள். கட்டிலுக்கடியில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மராத்திக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து தங்கராஜ் வந்தபோதும் அது ஓயவில்லை.

"நம்ம காசுங்க! அது நம்ம பொட்டிங்க! நல்ல பொட்டியத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாரு, பாவி!"

"எது நம்ம பொட்டின்னு எப்படித் தெரியும்?" என்றாள் வைஷாலி. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "கோயில்ல இருக்கறதுலதான் நம்ம பேரு போட்டுருக்குது."

தங்கராஜ் சால்வை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். வாய் திறந்தது. இம்முறை யாரும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும் ஒன்றும் வரவில்லை.

பவுன் மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதை வைஷாலி கண்டாள். டெம்போ வந்த அன்று பார்த்த அதே முகம்.

"இன்னாங்க. ஜம்புநாதன் சாருக்குப் போன் போட்டு, மிஷின்ல கோளாறு இருக்குது, கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தரேன்னு சொல்லி வாங்கிக்கினு வந்துட்டா?"

"பேரு வெட்டிருக்குதே பவுனு."

"அதை இஸ்மாயில் பாய் தேச்சிக் குடுப்பாரு. தொழில் தெரிஞ்ச ஆளு." அவள் போனை எடுத்து மகளிடம் நீட்டினாள். கோபத்தைக்கூட மறந்திருந்தாள். "நீ பேசுடி. நீதான் நல்லாப் பேசுவ."

வைஷாலி அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்த மாவு.

"பேச மாட்டேன்," என்றாள்.

பவுன் போனை நீட்டியபடியே நின்றாள். வைஷாலி அடுப்படிக்குப் போய் ஊறிக்கிடந்த அரிசியைப் பழைய கிரைண்டரில் கொட்டிச் சுவிட்சைப் போட்டாள். பெல்ட் இழுத்து இழுத்துச் சுற்றியது. கருகல் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. முன்னறையில் அம்மா அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் பேச்சு காதில் விழாத அளவுக்கு இன்னும் ஒரு கை அரிசியை உள்ளே தள்ளினாள்.