அமைதி அறையின் திறப்பு விழா

சத்தம் என்றாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளைகளுக்காகத்தான் பள்ளியில் அந்த அமைதி அறையைக் கட்டினார்கள். அதைத் திறந்து வைப்பதற்கு ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்டுவந்து அறை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

தையல் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள் அப்படியொரு பிள்ளையின் அம்மா. மகளுக்கு ஓர் உதவி டீச்சரைப் போடச் சொல்லி அவள் நடையாய் நடந்தபோது, "நிதி இல்லம்மா, என் கையில என்ன இருக்கு?" என்று கைவிரித்தவர்தான் தலைமையாசிரியர். இன்று அதே கையில் மைக் இருந்தது. அறைக் கதவைவிடப் பெரிய பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைங்க எங்க கண்ணு மாதிரி!" என்று அவர் முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. போட்டோவுக்காக முதல் வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்த மகள், காதைப் பொத்தியபடி நாற்காலிக்கடியில் சுருண்டு வீறிட்டாள்.

"பாப்பாவ கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, விழா கெடுதுல்ல?" என்றார், அதையும் மைக்கிலேயே.

அம்மா எழுந்தாள். மகளிடம் போகவில்லை. நேரே சுவரோரம் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மகளின் அலறல் மெல்ல ஓய்ந்தது. காதிலிருந்து ஒரு கை இறங்கியது, பிறகு மற்றதும்.

தலைமையாசிரியர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "என்னய்யா, கரண்ட் போயிடுச்சா?"

"கரண்ட்டெல்லாம் இருக்கு சார்," என்றாள் அம்மா. "இப்பத்தான் உங்க ரூம் தொறந்திருக்கு."