கடம்பா மை

லோகநாயகி படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோட்டைக்குப்பம் கரையில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி. பெண் ஏறிய படகைக் கழுவிப் பூஜை போடாமல் கடலுக்குத் தள்ள மாட்டார்கள். அது தெரிந்துதான் ஏறினாள்.

"எறங்குமே," என்றான் அவள் புருஷன் வேணு. குரலில் கோபம் இருந்தது, மூச்சுதான் இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு வா, எறங்குறேன்."

"அண்ணி, இன்னிக்கு மீன்பாடு போயிடும்," என்றான் கூட்டாளி தாமோதரன்.

"போவட்டும்."

மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்று முந்தின நாள் வேணுவே சாவகாசமாகச் சொன்னான். "கடம்பா துன்னோமில்ல, அந்த மைதான்" என்று காரணமும் சொன்னான். குழம்பு வைத்தவள் அவள். ஒவ்வொரு கடம்பாக் கணவாயிலும் மைப்பையைக் கிள்ளி எறிந்ததும் அவள் விரல்கள்தான். அப்புறம் எங்கிருந்து வந்தது கறுப்பு? உள்ளே ரத்தம் கசிகிறதோ? இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறான். அது போதாதென்று, வலை இழுத்த தோள்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை வேறு. விடியலில் வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

படகை நோக்கி நாலு எட்டு வைத்த வேணு, கால் மடங்கி மணலில் சரிந்தான். தாமோதரன்தான் தூக்கி ஆட்டோவில் போட்டான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் கசிந்த ரத்தத்தை நிறுத்தினார்கள். புது ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா லோகநாயகியிடம் நிதானமாகச் சொன்னார்: "உடம்புல வலியைக் கிளப்புற சரக்கும் வயித்துச் சுவரைக் காப்பாத்துற சரக்கும் ஒரே வகைம்மா. வலி மாத்திரை அந்த ரெண்டையும் சேர்த்து அடக்கிடும். புண்ணு வந்துடும். ஆஸ்பிரின் ரத்தத்தை உறைய விடாது. அடைப்புக்கு அது நல்லது, புண்ணுக்கு ஆபத்து. இதய மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது, எப்போ போடணும்னு நாங்க சொல்றோம். கடை மாத்திரை இனிமே வேணாம். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

லோகநாயகிக்குக் கர்வமாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. நடுக்கடலில் போயிருக்க வேண்டிய உயிரைக் கரையிலேயே மறித்துப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் காலை தாமோதரன் போன் போட்டான். ஸ்பீக்கரில் கடல் இரைந்தது.

"அண்ணே, பூசாரி இன்னும் வர்ல. மஞ்சத்தண்ணி மட்டும் ஊத்திக் கழுவிட்டுப் போவட்டுமா?"

வேணு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது.

"கழுவாத. அவ குந்துன படகு, அப்படியே போவட்டும்."

போனில் படகைத் தள்ளுகிற கூச்சல் கேட்டது. பிறகு இன்ஜின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. சிக்னல் தேய்ந்து அந்தச் சத்தம் மறைகிறவரை லோகநாயகி போனை அணைக்கவே இல்லை.