அந்தோணியாருக்கு நேர்ந்த செவலை

செவலைக் கோழியைக் காணவில்லை என்றதும் மரியகொரட்டி முதலில் செய்தது, மற்ற கோழிகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தது. அடுத்து, கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரியமா அது?

விஷயம் இதுதான். போன வருசம் மகள் சஜீவனி பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பிரசவ வலியில் கிடந்தபோது, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே மரியகொரட்டி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், இருக்கிற கோழிகளிலேயே நல்ல கோழியைத் திருநாளுக்குக் கொண்டுவந்து தருவதாக. இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பேரன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். ஆனால் நல்ல கோழி எது என்று கேட்டால், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் யாரும் செவலையைத்தான் காட்டுவார்கள். கீரி வந்தால் முதலில் கத்துவது அதுதான். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மரியகொரட்டி வீடு திரும்பும்போது பாதி வழிக்கு ஓடிவரும், உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். ஒரு கோழியின் மேல் அவ்வளவு ஆசை வைத்தது தப்புதான். வைத்தாகிவிட்டது.

திருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, செவலை கூட்டுக்குத் திரும்பவில்லை. மரியகொரட்டியும் புருஷன் மத்தேயுவும் லயத்தின் பின்புறம், மரக்கறித் தோட்டம், பிள்ளைகளை விட்டுப் போகும் மடுவம் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். ஒரு இறகு கூடக் கிடைக்கவில்லை.

பக்கத்துக் காம்பரா வீட்டு ரெங்கம்மா முனியாண்டியைக் கும்பிடுகிறவள். ஆனால் எந்தச் சாமியையும் விட்டுவைக்க மாட்டாள்.

"தொலஞ்சத கண்டுபிடிச்சுக் குடுக்குறது ஒங்க அந்தோணியார்தானக்கா. ஒரு வார்த்த கேளுங்களேன்."

"கேக்குறேன், கேக்குறேன்" என்றாள் மரியகொரட்டி.

கேட்கவில்லை. கேட்டால் அவர் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாரே.

சனிக்கிழமை இராச்சாப்பாட்டின்போது புருஷனிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "இருக்குற கோழியில நல்லதுன்னுதான நேந்தேன். செவல இல்லன்னா இருக்குறதுல நல்லது கருப்பிதான?"

"அந்தோணியார்கிட்டயே வக்கீல் வேல பாக்குறியா?" என்றார் மத்தேயு. சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பிதான் கோயிலுக்குப் போனது. கொடுக்கும்போது மரியகொரட்டிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தோணியார் சுரூபத்தின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து. போன திங்கட்கிழமை பறித்த மலைதான், ஏழு நாள் கழித்துச் சுற்று திரும்ப வந்திருந்தது. கங்காணி அவளுக்குக் கடைசி நிரையைக் கொடுத்தார். ஒரே செங்குத்து, யாருக்கும் பிடிக்காத நிரை. மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைச் செடியை விலக்கினால், அடியில் செவலை. இறகைப் பரப்பிக்கொண்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து லேசாகக் கொக்கரித்தது, எழுந்திருக்கவில்லை.

ஒரு மலையைப் பறித்து முடித்தால் அடுத்த சுற்று வரை அங்கே யாருக்கும் வேலையில்லை, அந்த மலை மனசை விட்டே போய்விடும். இருபத்தைந்து வருசம் கொழுந்து பறித்தவளுக்கே அங்கே தேட வேண்டும் என்று தோன்றவில்லை. கோழி சுற்றைக் கணக்காகப் பிடித்துவைத்திருந்தது. மரியகொரட்டிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செடியை மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். 

அடுத்த திங்கட்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவளே முன்னால் போய் நின்றாள்.

"அந்தக் கடைசி நிரைய எனக்கே குடுங்கண்ணே."

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா கொரட்டி?"

அதற்கடுத்த திங்கட்கிழமையும் கேட்டு வாங்கினாள். அன்று செடிக்கடியில் ஒரே கீச்சுக்கீச்சு. சாயங்காலம், எல்லோரும் வாசலில் இருக்கும்போது, செவலை ஒன்பது குஞ்சுகளோடு தோட்டத்து ரோட்டில் நிதானமாக இறங்கி வந்தது. லயமே கூடிவிட்டது. ரெங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அந்தோணியார் கைவிடலக்கா. நான்தான் கேட்டேன். அக்கா கோழி கெடச்சா ஏங்கோழியில ஒன்னு தாரேன்னு அன்னைக்கே நேந்துகிட்டேன்."

ரெங்கம்மாவிடம் இருப்பதே இரண்டு கோழி. மரியகொரட்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த இராத்திரியே மத்தேயுவிடம் சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை செவலை கோயிலுக்குப் போகிறது என்று.

"குஞ்சுங்க?"

"தாய விட்டுட்டு ஒருவாரக் குஞ்சு என்ன பண்ணும்? எல்லாந்தான்."

ஞாயிறு காலை இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். ரெங்கம்மாவின் கக்கத்தில் ஒரு புள்ளிக்கோழி. மரியகொரட்டியின் கையில் மூடிய கூடை. கச்சான் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது. தெமோதரை ரோட்டு வளைவு வந்ததும் மரியகொரட்டி நின்றாள்.

"ஒன் கோழிய நீ வெச்சுக்க ரெங்கம்மா. செவலைய நான் அப்பவே கண்டுட்டேன். தெரிஞ்சா குடுக்கணுமேன்னு மறச்சு வெச்சேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"கடசி நிரைய யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா? அன்னைக்கே வெளங்கிருச்சு."

"பெறகு ஏன் ஒன்னும் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." ரெங்கம்மா புள்ளிக்கோழியை இறுக்கிக்கொண்டாள். "இத நான் நேந்தது, நான்தான் குடுக்கணும். வாங்க, பூச ஆரம்பிச்சிரும்."

மரியகொரட்டி சிரித்துவிட்டாள். கூடைக்குள் கையை விட்டாள். செவலை வழக்கம்போல விரலைச் செல்லமாகக் கொத்தியது. கையை வெளியே எடுக்க மனசு வரவில்லை. கருப்பியைக் கொடுத்தபோது இப்படி இருக்கவில்லை. அப்படியானால் இன்றைக்குத்தான் சரியான கோழியைக் கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ரெங்கம்மாவை எட்டிப்பிடிக்க வேகமாக நடந்தாள்.