சாவித் துளையில் நாலு சொட்டுத் தேன்

1983 அக்டோபர் 17, திங்கட்கிழமை, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வர வேண்டிய காலைப் பேருந்து வரவில்லை.

வேடியப்பனின் மகள் செந்தாமரை பன்னிரண்டு மணிக்குள் போளூரில் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். துணை செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. போகாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். நல்ல வேளையாக வாணியம்பாடி பாஷா இவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். தோல் பதனிடுகிறவர்களுக்குக் கடுக்காய் வாங்கி அனுப்புகிறவர். சனிக்கிழமை மலையேறியவரை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக வேடியப்பன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. அவர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பழைய அம்பாசடர் வாசலில் நின்றது.

"ஏறும்மா. பதினொண்ணரைக்குள்ள எறக்கி வுட்டுர்றேன்" என்றார் பாஷா.

சாவி பாதிவரை போய் நின்றது. திரும்பவில்லை, வெளியேயும் வரவில்லை. பாஷா எண்ணெய் விட்டார், தட்டினார், ஊதினார். வயரைச் சேர்த்துக் கிளப்பும் வித்தை அவருக்குத் தெரியாது. தெரிந்த மெக்கானிக் போளூரில் இருந்தான்.

"இன்னாடா இது, நல்லாத்தான இருந்துச்சு" என்று பின்னால் போய்க் குறடு எடுத்து வந்தார்.

வேடியப்பனுக்குக் காரணம் தெரியும். சனிக்கிழமை ஆயுத பூஜை. கொடுவாளுக்கும் கலப்பைக்கும் பொட்டு வைத்தவன் காருக்கும் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தான். "வெளிய எங்க வேணா வை, மாலைகூட போடு. உள்ள மட்டும் கை வெக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் பாஷா தூங்கப் போனார். ஆனால் அந்த வீட்டில் புதிதாக வந்த உயிர் எதுவானாலும் நாக்கில் தேன் தொட்டு வைப்பார்கள். கன்றுக்குட்டிக்கும் உண்டு. வேடியப்பன் கண்ணுக்குச் சாவித் துளைதான் காரின் வாயாகத் தெரிந்தது. தேனில் குங்குமம் குழைத்துச் சாமைத் தட்டையின் நுனியால் விட்டிருந்தான்.

சொன்னால் பாய் இனி இந்த வாசலை மிதிப்பாரோ என்னவோ. செந்தாமரை சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாஷா குறட்டால் சாவியைக் கவ்விப் பிடித்தார்.

"பாய், முறுக்காதீங்க. முறிஞ்சிடும்."

"பின்ன இன்னா பண்றது?"

"உள்ள தேன் இருக்குது. நாந்தான் ஊத்தினேன்."

பாஷா குறடை எடுக்கவில்லை. "எவ்ளோ?"

"ரெண்டு சொட்டு." செந்தாமரை அப்பனைப் பார்த்தாள். "நாலு" என்றான் வேடியப்பன்.

"எம் பொண்ணு பஷீரா பொறந்தப்பகூட ஒரு சொட்டுதான்யா வெச்சோம்" என்றார் பாஷா. குறடைக் கீழே போட்டார். "போ, வெந்நீர் கொண்டா. தேனுக்குப் போய் எண்ணெய் ஊத்திட்டிருக்கேன் நானு."

பாஷா பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினார். வேடியப்பனின் மனைவி செல்லியம்மாள் சொம்பில் வெந்நீரோடு வந்தாள். "தொட்டில் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கட்டிடு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துணியை வெந்நீரில் நனைத்துச் சாவியின் மேல் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தான் வேடியப்பன். பாஷா சாவியை முன்னும் பின்னும் நூலளவு அசைத்தார். ஒன்பது மணி தாண்டியது. சிவப்பாக நீர் வழிந்து பாஷாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. மூன்றாவது சொம்பில் சாவி கையோடு வந்தது. ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துளையைத் துடைத்தார்கள், மண்ணெண்ணெய் விட்டார்கள், காய விட்டார்கள். வயரை மாட்டிச் சாவியைப் போட்டதும் வண்டி இரண்டாம் முறையில் கிளம்பியது.

"நீயும் ஏறு" என்றார் பாஷா. "வர்ற வருசம் நான் முழிச்சிருக்கும்போது பூஜை பண்ணு."

பதினொன்று ஐம்பதுக்குப் போளூரில் செந்தாமரை சான்றிதழ்களைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பயிற்சி நவம்பர் முதல் வாரம் தொடங்கும் என்றார்கள்.